கதவு இன்னிக்கும் திறக்கல

பிப்ரவரி 6, வியாழன்

கடல் பயணப் புத்தகம் இன்று முடிந்தது. கப்பல் கரை சேரும் கடைசிப் பக்கத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நாளை திரும்ப வாசிக்க வேண்டும். பதிவு மெஷின் பழுதானதால் இந்தப் புத்தகம் முழுவதையும் ஃபோனில்தான் பதிந்தேன். எடிட்டர் அண்ணன் சத்தங்களைச் சுத்தம் செய்து கோக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

போன அத்தியாயத்துக்குக் காது திருத்தம் அனுப்பியிருந்தாள். பகலில் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்ப்பவள், மற்ற நேரத்தில், பார்வையற்றவர்களுக்காக நாங்கள் புத்தகங்களைக் குரலில் பதியும் ஒலிநூலகத்துக்குப் பிழை கேட்டுச் சொல்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. 'காது' என்ற பெயர் அவளே வைத்துக்கொண்டது. எனக்கு வைத்தது 'தொண்டை', இரண்டும் எங்களுக்குள் மட்டும். "தொண்டை, புயல் அடிக்கிற எடத்துல உன் வயிறு கூவுதுடி. பசி உனக்கா, மாலுமிக்கா? சாப்டுட்டு வந்து படி."

பதிவறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்தினால் உலகம் அணைந்துவிடும். வீட்டில் அப்படி இல்லை, அப்பா தும்மினால் அடுத்த வீட்டில் யாரோ பதில் தும்மல் போடுவார்கள். ஆகவே வீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேச எனக்கு உள்ள ஒரே இடம் இந்த அலமாரி. வேலை முடிந்ததும் ஃபோனை மைக் பக்கத்தில் வைத்துக் காதுக்கு வாய்ஸ் மெசேஜ் பேசுவேன். எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவேன்: "காது, கேக்குறியா? கதவு இன்னிக்கும் திறக்கல."

தம்பியின் கதவு. வெளியூர் வேலையை விட்டுவிட்டு மழைக்காலத்தில் வந்தான். "கொஞ்ச நாள் தூங்கிக்கறேன்" என்று உள்ளே போனான். இப்போது வெயில் வந்துவிட்டது.

எழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று ஒருமுறை கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னான். வாசிக்க முடியாத உறவினர் ஒருவருக்கு என்று மட்டும் சொல்லி, ஒலிநூலகத்தை நடத்தும் மேடத்திடம் நூலகத்து பிளேயர் ஒன்று வாங்கி வந்தேன். என் குரலைத் தேர்வுசெய்து வைத்திருக்கிறேன். நான் வாசிப்பது அத்தியாயம் அத்தியாயமாக நூலகத்தில் ஏற ஏற, தானாகவே அதில் போய் இறங்கும். அவன் கேட்கிறான். எங்கள் வீட்டில் அவனோடு தினமும் பேசுகிற ஒரே ஆள் நான், யாரோ எழுதியதை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். "பையன் எங்க?"

"உள்ள மீட்டிங்ல இருக்கான். வீட்லேருந்தே வேலை" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கெழமையா?"

"வெளிநாட்டுக் கம்பெனி."

உள்ளேயிருந்து என் குரல் திமிங்கிலத்தின் நுரையீரலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. அத்தை காதைத் தீட்டினாள். "யாரோ பொண்ணு பேசுதே?"

"அதான் மீட்டிங்."

சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் துலக்கினோம்.

பிப்ரவரி 15, சனி

மின்சாரம் போயிருந்தது. அப்பா அம்மா வெளியே போயிருந்தார்கள். கதவடியில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது, "க்கா, இருக்கியா?"

தரையில் உட்கார்ந்தேன். அவனும் அந்தப் பக்கம் உட்கார்ந்த சத்தம் கேட்டது. கதவு நடுவில், முதுகோடு முதுகு.

அவன் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரன் ஒருவன் நண்பனாக இருந்தான். அவனுக்கு இவன் சாட்டில் எல்லாம் எழுதுவானாம். வேலை புரியவில்லை, காலையில் லிஃப்டில் ஏறும்போதே கை நடுங்குகிறது, கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்— இப்படி. அந்த நண்பன் அவ்வளவையும் சேமித்து வைத்திருந்தான். ஒருநாள் மேலாளரிடம் கொடுத்துவிட்டான். "உன் நல்லதுக்குத்தான்" என்றானாம். மறுவாரம் கூட்டத்தில் அது பெரிய திரையில் வந்தது. இவனுடைய எழுத்துப் பிழைகளோடு, இவன் போட்ட பொம்மை முகங்களோடு. வேலை ஏன் தாமதமாகிறது என்பதற்கு உதாரணமாம்.

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா."

அப்புறம் அவன் குரல் உடைந்தது.

"எழுதினா நிக்கும்க்கா. பேசினா போயிடும். அதான் உன்கிட்ட பேசறேன். யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

மின்சாரம் வந்தது. பேச்சு நின்றது.

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காதிடம். அவள் 'யார்' இல்லையே என்று நினைத்தேன். தம்பியின் முகத்தை அவள் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. அந்தப் பாரத்தை இரண்டு நாள் சுமந்தேன், மூன்றாம் நாள் முடியவில்லை. பதிவறைக் கதவைச் சாத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம், திரை, பொம்மை முகங்கள், அவன் அழுதது. நிதானமாகத்தான் சொன்னேன். வாசித்துப் பழகிய தொண்டை, எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

காது வெகுநேரம் கழித்துப் பதில் அனுப்பினாள். "உன் தம்பிய எனக்கு இப்ப நல்லாத் தெரியும்டி."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்: நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 3, திங்கள்

காது கடல் புத்தகத்தைக் கேட்டு முடித்து பிழை பார்க்கக் கொடுத்த மெமரி கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்தது தேனீ வளர்ப்பு. முன்னுரையே கொட்டுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

 நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் எடிட்டர் அண்ணன் டீ கோப்பையோடு வந்து நின்றார். "அந்தப் புதுப் புத்தகம் பிரமாதம்மா. யாரு எழுதினது? கார்டுல அட்டை விவரம் எதுவும் இல்ல."

"தேனீயா?"

"தேனீயாவது. அந்தக் கதவு கதை."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அவரே ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். என் குரல். கதவு இன்னிக்கும் திறக்கல.

சாயங்காலம் காது மெசேஜில் சொன்னாள், அவள் ஃபோனில் இடம் நிரம்பிவிட்டதாம். என் வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். அதைக் கடல் புத்தகக் கார்டில் ஒரு ஓரமாக மாற்றி வைத்திருக்கிறாள். மறந்து அப்படியே அனுப்பிவிட்டாள். அண்ணன் பார்த்தார்: அதே குரல், அதே ஃபோன் பதிவு, தலைப்பு இல்லை. தேதி வரிசையில் ஒட்டினார். இரைச்சலை எடுத்தார். நான் பேச முடியாமல் திணறிய இடங்களையெல்லாம் வெட்டினார். முதல் வரியையே தலைப்பாக வைத்து வெள்ளிக்கிழமை நூலகத்தில் ஏற்றிவிட்டார்.

"நடுநடுவுல 'காது, கேக்குறியா'ன்னு வருது பாரு, நல்ல உத்தி. வெறும் காதுகிட்ட கதை சொல்ற மாதிரி. நானே ரெண்டு எடத்துல கண்ணத் தொடச்சேன்."

"அண்ணே, அத எடுங்க."

"ஏம்மா? வாசிப்புல ஒரு குறையும் இல்ல."

"எடுங்கண்ணே!"

அவர் பயந்துவிட்டார். டீ சட்டையில் சிந்தியது. மேடத்தைக் கேட்காமல் எடுக்க முடியாதாம்.

வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் பிளேயரில்—

மார்ச் 12, புதன்

எங்கள் மேடம் எதையும் சத்தம் போட்டுச் சொல்ல மாட்டார். நாற்காலியைக் காட்டினார். "எழுதினவங்க யாருன்னு தெரியாம இது எப்படி வெளிய போச்சு? அனுமதி வாங்காம நாம ஒரு பக்கம்கூட வாசிச்சதில்லையே. செத்துப்போனவங்க புத்தகத்துக்குக்கூட வாரிசத் தேடிப் போயிருக்கோம்."

"எழுதினது நான்தான் மேடம்."

அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "நீயா! சொல்லவே இல்லையே. அப்ப நீ சம்மதிச்சா போதும். இந்த வருஷத்துல இவ்வளவு பேர் கேட்ட புத்தகம் வேற இல்ல."

கதை இல்லை மேடம், என் வீடு, என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவும் இன்னொருமுறை சொன்னதாகிவிடும். "எனக்குச் சம்மதம் இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

உடனே எடுத்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் அவர் உத்தமி. ஆனால் ஏற்கெனவே இறங்கியது இறங்கியதுதானாம். "வீடு வீடாப் போயா பிடுங்க முடியும்?"

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தட்டினேன். "டேய், பிளேயரக் கொஞ்சம் குடு. சரிபார்த்துத் தரச் சொன்னாங்க."

"நல்லாத்தான் ஓடுதுக்கா."

"ஒரு நிமிஷம்தான்டா."

"திமிங்கிலமே இன்னும் முடியல. அப்புறம் தரேன்."

இன்னும் கடலில்தான் இருக்கிறான். உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் இருக்க முடியாது. ஒரே ஒரு வாக்கியம். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கை கால் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கேட்டவர்கள் அனுப்பிய குரல்களை மேடம் எனக்கு அனுப்பியிருக்கிறார். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாராம்.

ஒரு பெரியவர்: "அந்தப் பையன் வெளிய வந்துடுவானாம்மா? அத மட்டும் சொல்லிடு, ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது." ஒரு பெண்: "அக்காக்காரிதான் கதையில பிடிக்கல. அவன் சொன்னத எல்லாம் ஏன் அந்தக் காதுகிட்டப் போய் ஒப்பிக்கிறா?" ஒரு கல்லூரி மாணவன்: "ரெண்டாம் பாகம் எப்ப?"

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவராவது கேலி செய்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். எல்லோரும் என் தம்பிக்காகக் கவலைப்படுகிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேர் அவன் கதவருகே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டிவந்தவள் நான்.

அந்தப் பெண் சொன்னதையே மறுபடி மறுபடி கேட்டேன். ஏன் ஒப்பிக்கிறாள்? ஏன்?

மார்ச் 14, வெள்ளி

காதைப் பார்க்க மருத்துவமனைக்கே போனேன். இணைப்பகத்துக்குப் பின்னால் படிக்கட்டு, அங்கே நின்று பேசினோம். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"அண்ணன் சொன்னாரு. செத்துடலாம் போல இருக்குடி. நான் யாருக்கும் குடுக்கல, தொண்டை. சேர்த்துதான் வெச்சேன்."

"சேர்த்து வெச்சுக்கவான்னு என்னக் கேட்டியா?"

"கேக்கணும்னு தோணல."

"எப்படித் தோணாமப் போகும்?"

அவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், சண்டைக் குரலில் இல்லை: "எனக்கு வந்த கடுதாசி எதையாவது நான் மட்டும் படிச்சிருக்கேனா? பரீட்சை மார்க்க அப்பா படிச்சாரு. டாக்டர் சீட்ட அண்ணி படிச்சா. ஒருத்தன் எனக்கு லவ் லெட்டர் குடுத்தான்டி, அத எங்க மாமா எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டுனாரு, வீடே உக்காந்து கேட்டுச்சு. எனக்குன்னு மட்டும் ஒருத்தர் பேசினது நீதான். அத எப்படி அழிப்பேன்?"

 அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்தது நான் மட்டும் இல்லையே. தம்பியும் இருந்தான்.

"என் தம்பி இருக்கான் அதுல" என்றேன்.

"அவன அதுல வெச்சது நீதானடி."

மெதுவாகத்தான் சொன்னாள். படிக்கட்டில் யாரோ ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். வழிவிட்டு ஒதுங்கினோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்படியே வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம். அம்மா தட்டோடு அவன் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைக்காமல், தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டு. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"புதுக் கதையா? நல்லா இருக்கே" என்று கிசுகிசுத்தாள். "இதுலயும் ஒரு அம்மா வரா பாரு. பாவம், தட்ட வெச்சுட்டு வெச்சுட்டுப் போறா."

உள்ளே என் குரல். திணறல் எதுவும் இல்லாமல், தெளிவாக, அழகாக. 'அம்மா தட்டை வெக்கும்போது சத்தம் வராம வெக்கிறா, காது. அவன் தூங்குறான்னு நம்புறதுக்கு அவளுக்கு அது வேணும்.'

அம்மா தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்த அந்தக் கணத்தை நான் பார்த்தேன். என் வாழ்நாளில் அதை மறக்கப் போவதில்லை.

உள்ளே என் குரல் அடுத்த நாளுக்குப் போனது. மின்சாரம் போயிருந்தது, காது. அப்பா அம்மா வெளிய போயிருந்தாங்க.

"நிறுத்துடா" என்று கதவில் அறைந்தேன். "நிறுத்துடா, ப்ளீஸ், கேக்காத— டேய்—"

அவன் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினான். எங்கள் மெலிந்த சுவர்கள் முழுக்க என் குரல் அவன் ரகசியத்தைச் சொன்னது. அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து நின்றார். மூவரும் நின்று கடைசிவரை கேட்டோம். கூட்டத்தில் என்ன நடந்தது என்று அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

மார்ச் 17, திங்கள்

தட்டு வைத்தபடியே இருந்தது.

மார்ச் 20, வியாழன்

இன்று அவன் பேசினான்.

நான் கூப்பிடவில்லை. கதவைத் தாண்டிப் போனபோது, "க்கா" என்றான். உட்கார்ந்தேன். இந்தமுறை அந்தப் பக்கம் உட்காரும் சத்தம் கேட்கவில்லை. அவன் நின்றுகொண்டே பேசினான்.

"ஒரு எடத்துல தப்பு இருக்கு."

"எந்த எடம்?"

"நான் அழுதேன்னு சொல்லியிருக்க. நான் அழல. எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். ரொம்ப சத்தமா. மத்தவங்க நிறுத்தினதுக்கு அப்புறமும். உன்கிட்ட அத சொல்ல வந்தேன், வாய் வரல. நீ அழுகைன்னு நெனச்சுட்ட போல."

"டேய், நான்—"

"மத்தபடி நல்லாப் படிச்சிருக்க. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தி."

கேலியா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்க முடிந்தால் தெரிந்திருக்கும். மன்னிச்சுடுடா என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது.

"அவனும் மன்னிப்புக் கேட்டான்க்கா. பக்கத்து சீட்டுக்காரன். அவனும் உன்ன மாதிரிதான், நல்லவன்."



மார்ச் 29, சனி

காது மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். குரலில் இல்லை, ஃபோன் எழுத்தெழுத்தாகப் பேசிக்காட்டத் தட்டிய எழுத்தில். "எல்லாத்தையும் அழிச்சிட்டேன். சத்தியமா." அழித்தாளா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அழித்ததை யார் காட்ட முடியும்?

பதில் எழுதி, அனுப்பாமல் விட்டேன். அவள் குரல் இல்லாத வாரங்கள் எப்படி இருக்கும் என்று முன்பு யோசித்ததில்லை. மென்று விழுங்குவதற்கு எதுவுமே இல்லாத வாய் மாதிரி— இல்லை, உவமை வேண்டாம். தனியாக இருக்கிறேன்.

தேனீ வளர்ப்பு ஆறாவது அத்தியாயம். பதிவறையில் வாசித்து முடித்ததும் எழுந்து வந்துவிடுகிறேன். அங்கே ஒரு கணம்கூட வெறுமனே உட்கார முடியவில்லை. பஞ்சுச் சுவர் எதையோ எதிர்பார்ப்பது போல இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

கதவு திறந்திருந்தது.

வேலை முடிந்து வந்தேன். அம்மா அவன் அறை நடுவில், நிற்கத் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள். போர்வை மடித்து வைத்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. மூலையில் இருந்த பை இல்லை. அவன் உள்ளே போன நாளிலிருந்து எத்தனை முறை இந்தக் கதவு திறப்பதைக் கற்பனை செய்திருப்பேன். எந்தக் கற்பனையிலும் அறை காலியாக இல்லை.

தலையணை மேல் பிளேயர். எடுத்துப் பார்த்தேன். நான் வாசித்த எதுவும் அதில் இல்லை. கடல், மலை, மகாராணிகள், கொலைகாரர்கள், எல்லாவற்றையும் அழித்திருக்கிறான். அந்தப் புத்தகத்தை மட்டும் இல்லை. குரலையே.

அப்பா போலீசுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டார். பொழுது சாய்வதற்குள் அம்மாவின் ஃபோன் அடித்தது. அவன்தான். அம்மா "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லா இருக்கான். சாப்டானாம்."

"எங்கம்மா இருக்கான்?"

அம்மா என் தலையைத் தடவினாள். அவள் இப்படித் தடவி ஆண்டுகள் ஆகியிருக்கும். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்மா."

அம்மாவுக்கு எந்த ரகசியமும் தங்காது என்று நாங்கள் இருவரும் சிறுவயதில் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்.

அவள் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஞாயிறுதோறும் பேசுகிறான், அம்மாவிடம். அவன் கூப்பிட்டதும் அம்மா அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார், கேட்காதது போல. நான் வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. வாசல் வழியாக வெளியே போய்விடலாம் என்று அந்தக் கதவைக் கடந்தபோது அம்மா சிரித்தாள். பிறகு அவன் சொன்ன எதையோ திருப்பிச் சொல்லிக் கேட்டாள். ஒரு வார்த்தை என் காதில் விழுந்துவிட்டது. ஊரா, வேலையா, ஆளா— ஒரே வார்த்தை. அதை வைத்து அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

தெருமுனை வரை நடந்தேன். திரும்பி வந்து இந்த நோட்டைத் திறந்தேன்.

அந்த வார்த்தையை இங்கே எழுதவில்லை.